பதினேழாவது கட்டம்

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விழுங்கி யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே நாட்டில் ஒரு வாரியம் இருக்கிறது. தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினான்காம் மாடியில் அது இயங்குகிறது. 'பரிந்துரைக்கப்பட்ட மருந்துகளின் பாதுகாப்பை இடைவிடாது கண்காணிக்கும் தேசிய வாரியம்' என்பது முழுப்பெயர். பெயர்ப்பலகையில் 'இடைவிடாது' என்ற சொல்லுக்கு நேர் கீழே, காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை, பிற்பகல் இரண்டரை முதல் நாலரை வரை என்று வேலை நேரம் போட்டிருக்கிறது. இரண்டும் ஒரே பலகையில் இருப்பது பற்றி அங்கே யாரும் சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை.

கிள்ளானில் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சிவநேசனுக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே ஐம்பத்தெட்டு வயது வரை தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் நிம்மதியாகச் செத்திருப்பார். ஜனவரியில் கால் பெருவிரல் வீங்கியது. கிளினிக்கில் லோமரின் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் மணிக்கட்டில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள் வந்தன. "கொசு" என்றார் சிவநேசன். கிள்ளானில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மறுநாள் உதடு வீங்கியது. நாலாம் நாள் வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி அவருடைய தோல் கழன்று வந்தது.

இருபத்தாறு நாள் வார்டில் கிடந்து பிழைத்துவிட்டார். கண் மட்டும் வெயிலைத் தாங்காது என்றாகிவிட்டது. பஸ் ஓட்டுகிற வேலையும் அதோடு போனது. அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். "உங்க கூடப் பிறந்தவங்களுக்கும் இந்த மருந்து ஒத்துக்காம போகலாம், அங்கிள். ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசம்தான் ஆபத்து."

சிவநேசனின் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். உஷாராணி. அடுத்த தெருவில் இருக்கிறாள். ஜூன் மாதத்தில் ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனவர், ஐஸ் பெட்டியின் மேல் ஒரு மாத்திரைப் பட்டையைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். லோமரின்.

"எத்தனை நாளா சாப்பிடுற?"

"இன்னியோட பதினோரு நாள். யூரிக் அசிட் ஹையாம். ஏன் அண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"என்னைப் படுக்க வச்சது இதுதான் உஷா. இன்னியோட நிறுத்து."

"நானும் டாக்டர்கிட்டச் சொன்னேன் லா, எங்க அண்ணனுக்கு இப்படி ஆச்சுன்னு. இந்த மருந்தாலதான் ஆச்சுன்னு லெட்டர் இருக்கான்னு கேட்டாரு. இருக்கா?"

சிவநேசன் ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உஷாராணி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் படித்தாள். அவள் முப்பத்திரண்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவள். ரப்பர் முத்திரைக்கு இங்கே சாப் என்று பெயர். சாப் இல்லாத காகிதம் அவளைப் பொறுத்தவரை காகிதமே இல்லை. தன் கல்யாணத்துக்குப் போட்ட லீவு மனுவையே, சாப் கோணலாக விழுந்திருக்கிறது என்று தானே திருப்பி அனுப்பியவள்.

"'லோமரின் காரணமாக இருக்கலாம்'னு போட்டிருக்கு. இருக்கலாம்னா என்னா அர்த்தம்? இல்லாமலும் இருக்கலாம். வாரியத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்குன்னும் போட்டிருக்கு. அந்த வாரியத்தோட சாப் எங்க?"

"உஷா, நீதானே எனக்குக் கஞ்சி ஊட்டுன. கண்ணால பாத்தியே."

"பாத்தேன் அண்ணே. மறந்துருவேனா? ஆனா டாக்டர் சொல்றாரு சாப்பிடணும்னு. நீ சொல்ற கூடாதுன்னு. நான் யாரு சொல்றதக் கேக்கறது? சாப் வச்ச லெட்டர் ஒண்ணு கொண்டு வா. அந்த நிமிஷமே தூக்கிப் போட்டுர்றேன்."

அவள் குரலில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. முப்பத்திரண்டு வருடப் பழக்கம் அந்தப் பயத்துக்கு வேறு வழி எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. சிவநேசன் தன் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும், தான் பாதி தின்று மீதி வைத்திருந்த மாத்திரைப் பட்டையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை கொமுட்டர் ரயில் ஏறினார்.

பதினான்காம் மாடியில் எண் சீட்டுக் கொடுத்தார்கள். கவுண்டரில் ஆயிஷா என்ற பெண் இருந்தாள். மகள் வயது இருக்கும். நல்ல பெண். இந்தக் கதையில் அந்த வாரியத்தைச் சேர்ந்தவர்களில் அப்படிச் சொல்லத்தக்கவள் அவள் ஒருத்திதான்.

"உங்க ரிப்போர்ட் ஜனவரியிலயே வந்துருச்சு, அங்கிள். சிஸ்டத்துல பத்திரமா இருக்கு. கிரேடு, 'இருக்கலாம்'."

"தோலே உரிஞ்சு போச்சும்மா."

"தோல் உரிஞ்சது உறுதி அங்கிள். அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. எதனால உரிஞ்சதுங்கறதுதான் 'இருக்கலாம்'. 'உறுதி'ன்னு வந்தாத்தான் எச்சரிக்கை லெட்டர் போகும். அதுக்கு போராங்ல எல்லாக் கட்டமும் நிரம்பணும். உங்களுக்குப் பதினேழாவது கட்டம் காலியா இருக்கு."

போராங் என்ற அந்தப் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். பதினேழாவது கட்டத்தில் இப்படி இருந்தது: 'அதே மருந்தை நோயாளிக்கு மறுபடியும் கொடுத்தபோது அதே விளைவு மீண்டும் ஏற்பட்டதா?'

சிவநேசன் இரண்டு முறை படித்தார். "மறுபடி கொடுத்தா நான் செத்துருவேனேம்மா."

"ஆமா அங்கிள். அதனாலதான் யாரும் கொடுக்கறதில்ல. அதனாலதான் அந்தக் கட்டம் நிரம்பறதில்ல."

"அப்ப இதுவரைக்கும் எத்தனை மருந்து 'உறுதி' ஆயிருக்கு?"

ஆயிஷா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணுகூட இல்ல. அதனாலதான் நம்ம நாட்டு மருந்து எல்லாமே பாதுகாப்பானதுன்னு வருஷா வருஷம் அறிக்கை வருது."

சிவநேசன் மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினார். இதையாவது சோதித்துப் பாருங்கள் என்றார். அதற்குரிய மருந்துச்சீட்டு காலாவதியாகிவிட்டதால் வாங்கிக்கொள்ள வழியில்லை என்று தெரிந்தது. பட்டை மறுபடியும் சட்டைப்பைக்குப் போனது. ஆயிஷா கொஞ்சம் யோசித்து, அவரை இயக்குநர் டாக்டர் திருச்செல்வத்தின் அறைக்கு அழைத்துப் போனாள்.

திருச்செல்வம் மிகவும் மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். தே தாரிக் டீ வரவழைத்தார். தங்கச்சியின் பதினோரு நாள் இன்றோடு பன்னிரண்டு நாளாகிவிட்ட கதையை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் சிவநேசன், நீங்க ஒரு நோயாளியா யோசிக்கிறீங்க. தப்பே இல்ல. ஆனா நான் ஒரு நாடா யோசிக்கணும். அடுத்த வாரம் வெளிநாட்டுலேருந்து மதிப்பீட்டுக் குழு வருது. நாம மருந்தைக் கண்காணிக்கிறோம். அவங்க நம்மளைக் கண்காணிக்கிறாங்க. இருநூத்தி அறுபத்தெட்டு அம்சம். மருந்தைப் பாக்கவே மாட்டாங்க. நாம மருந்தைப் பாக்குறோமான்னு பாப்பாங்க. பாக்குறோம்னு எழுதி வச்சிருக்கோமான்னு பாப்பாங்க. எழுதினதுக்குத் தேதி போட்டிருக்கோமான்னு பாப்பாங்க. போன தடவை நமக்கு எங்க மார்க் போச்சு தெரியுமா? தேதியிலதான்."

"என் தங்கச்சி விஷயம் சார்..."

"அது கிரேடு கமிட்டிதான் முடிவு பண்ணணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம கூடும். இந்தத் தடவை மட்டும் தள்ளி வச்சிருக்கோம். ஏன்னா, கமிட்டி தவறாம கூடுதுன்னு காட்டற ஃபைலைத் தயார் பண்றதுல கமிட்டிக்காரங்க எல்லாரும் பிஸி."

சொல்லிவிட்டு அவர் சிவநேசனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"இருநூத்திப் பன்னிரண்டாவது அம்சம். 'நோயாளிகளின் பங்கேற்பு.' அதுக்கு ஒரு நோயாளி வேணும். உயிரோட இருக்கறவரா, நேர்ல வரக்கூடியவரா. நம்ம லிஸ்ட்ல அந்த ரெண்டும் உள்ளவங்க கிடைக்கறதே கஷ்டம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க. அன்னிக்கே உங்க ஃபைலைக் கமிட்டியில வச்சுடறேன்."

சிவநேசன் எழுந்து நின்று கும்பிட்டார். வேறு என்ன செய்வார்?

தங்கச்சியின் பதினாறாம் நாளில் ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். வாரியமே கல்யாண வீடு போல இருந்தது. எல்லா ஃபைல்களுக்கும் நீல அட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அட்டை போதாத ஃபைல்களை அலமாரிக்குப் பின்னால் அடுக்கினார்கள். புகார்த் தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். மதிப்பீட்டின்போது மணியடித்துத் தொல்லை கொடுத்துவிடக் கூடாதாம். சிவநேசனுக்கு மூன்று வரி எழுதிக் கொடுத்தார்கள்: 'நான் புகார் செய்தேன். வாரியம் உடனே கவனித்தது. இப்போது நலமாக இருக்கிறேன்.'

"ஜனவரியில சொன்னதுக்கு இன்னும் பதில் வரலையே சார், 'உடனே'ன்னு எப்படிச் சொல்றது?"

"ஒரு நாட்டோட வரலாற்றுல ஆறு மாசம் உடனேதான்" என்றார் திருச்செல்வம். "அந்தக் கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழட்டிருங்க. பக்க விளைவு மாதிரி தெரியுது."

கழற்றினார். மேடை விளக்கு கண்ணில் பட்டதும் கண்ணீர் கொட்டியது. திருச்செல்வம் தூரத்தில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கண்ணீர் நல்லா இருக்கு. அன்னிக்கும் இதே மாதிரி வச்சுக்குங்க."

அன்று மாலை தங்கச்சி வீட்டுக்குப் போய், அவள் சமையலறையில் இருக்கும்போது ஐஸ் பெட்டி மேலிருந்த பட்டையைத் திருடிக்கொண்டு வந்துவிட்டார் சிவநேசன். வாழ்க்கையில் அவர் செய்த முதல் திருட்டு. மறுநாள் காலையில் உஷாராணி கிளினிக்குக்குப் போய்ப் பத்தே நிமிடத்தில் புதுப் பட்டை வாங்கிவந்துவிட்டாள். அந்த ஒரு காரியத்தில் மட்டும் நாட்டில் தாமதமே கிடையாது.

"எனக்கு நல்லது நினைச்சுத்தானே எடுத்த? கோபம் இல்ல அண்ணே" என்றாள். "லெட்டர் எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை" என்றார் சிவநேசன். சொல்லும்போது அவருக்கே அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு இருபதாம் நாள். மண்டபத்தில் நீலத் துணி போட்ட மேசைகள், பூச்சாடிகள், மீஹூன் சேமியாத் தட்டுகள். நரைத்த தலையுடன் ஒரு வெள்ளைக்கார அம்மாள் குழுவின் தலைவியாக வந்திருந்தார். கையில் பெரிய நோட்டு. திருச்செல்வம் வரவேற்புரை நிகழ்த்தினார்.

"இந்த வாரியம் தொடங்கி இருபது ஆண்டுகளில் எங்களுக்கு வந்த அறிக்கைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் தொலைத்ததில்லை. ஒன்றன்மேலும் அவசரப்பட்டு நடவடிக்கை எடுத்ததில்லை. இந்த நிதானம்தான் எங்கள் பலம்!"

கைதட்டினார்கள். வெள்ளைக்கார அம்மாள் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்து இருநூற்றுப் பன்னிரண்டாவது அம்சம் மேடைக்கு அழைக்கப்பட்டார்.

கண்ணாடியில்லாமல் விளக்குக்கு எதிரே நின்ற சிவநேசனுக்கு எதுவும் தெரியவில்லை. வெறும் வெளிச்சம்தான். மூன்று வரியும் மறந்துபோயிற்று. "என் தங்கச்சி இருபது நாளா இந்த மாத்திரையைச் சாப்பிடுறாம்மா. எனக்கு மூணாவது வாரத்துலதான் வந்துச்சு. ஒரு லெட்டர் கொடுங்க. அது போதும்" என்று வெளிச்சத்தைப் பார்த்துச் சொன்னார்.

அவர் தமிழில் சொன்னதைத் திருச்செல்வம் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். "வாரியத்தின் சேவை தம்மோடு நிற்காமல் தம் குடும்பத்தையும் சென்றடைய வேண்டும் என்று விரும்புகிறார்."

வெள்ளைக்கார அம்மாள் கையிலிருந்த சிவநேசனின் ஃபைலைப் புரட்டினார். நீல அட்டை போட்டுப் புதிதாக இருந்தது. ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே, ஏன் என்று கேட்டார். அவருக்கு முழுமை பெறாத போராங் பிடிக்காது போலிருக்கிறது. திருச்செல்வத்தின் முகத்தில் வியர்வை அரும்பியது. ஆறு மாதமாக யாரும் கவலைப்படாத அந்தக் கட்டத்துக்காக அப்போதுதான் அந்த வாரியம் முதன்முதலாகக் கவலைப்பட்டது.

"எந்தக் கட்டம் சார் கேக்கறாங்க? பதினேழா?" என்றார் சிவநேசன்.

திருச்செல்வம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது நிரம்பினா லெட்டர் வந்துரும்ல?"

சிவநேசன் சட்டைப்பையிலிருந்து பட்டையை எடுத்தார். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு, பேச்சாளருக்கென்று வைத்திருந்த தண்ணீரைக் குடித்தார். "எழுதிக்குங்க. மறுபடி கொடுத்தாச்சு" என்றார்.

ஆயிஷா பின்வரிசையிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "துப்புங்க அங்கிள்! துப்பிருங்க!" அதற்குள் அது உள்ளே போய்விட்டது. என்ன நடக்கிறது என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டார். திருச்செல்வம் ஒரு நொடிதான் திணறினார். அதற்குமேல் திணறுகிறவர்களை இயக்குநராக்குவதில்லை.

"நம் நாட்டு மருந்துகளின்மேல் மக்களுக்குள்ள நம்பிக்கையை அவர் செய்து காட்டினார்."

எல்லாரும் சிவநேசனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்க, மண்டபமே தட்டியது. இருநூற்றுப் பன்னிரண்டாவது அம்சத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

ஆயிஷா அவரைத் தன் காரில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனாள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "இன்னும் ஆகல. இனிமேதான் ஆகும்" என்றாள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள், நாடி பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. ஆன பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் விடியும்போது சிவநேசனின் உதடு வீங்கியிருந்தது. பத்து மணிக்கு வாய் திறக்கவில்லை. இந்த முறை நாலு நாளெல்லாம் ஆகவில்லை, மருந்துக்கு அவரை ஏற்கெனவே அடையாளம் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை உஷாராணி வார்டுக்கு வந்தாள். அவளுக்கு இருபத்து மூன்றாம் நாள். கட்டில் பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய பழக்கூடை இருந்தது. வாரியம் அனுப்பியது. அதில் ஒரு பழத்தைக்கூடத் தின்கிற நிலையில் சிவநேசன் இல்லை. கண் இரண்டிலும் மருந்து தடவி, உடம்பெல்லாம் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். உஷாராணி சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கூடையில் செருகியிருந்த உறையைப் பார்த்தாள். பிரித்தாள். சாப் இருந்தது. நேராக, ஊதா நிறத்தில், ஓரம் கலையாமல்.

"வந்துருச்சு அண்ணே! லெட்டர் வந்துருச்சு!"

சிவநேசனின் மார்பு ஏறி இறங்கியது. உஷாராணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"'தங்கள் பங்கேற்பால் வாரியம் மிக உயர்ந்த தரநிலையை அடைந்துள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களுடைய இரண்டாவது பாதிப்பைப் பொறுத்தவரை, தாங்கள் அம்மருந்தை மருத்துவரின் சீட்டு இல்லாமல் தாங்களாகவே உட்கொண்டதால், அது பரிந்துரைக்கப்பட்ட மருந்தின் விளைவாகாது. எனவே அது இவ்வாரியத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. பதினேழாவது கட்டம் காலியாகவே கருதப்படும். விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்.'"

படித்து முடித்தவள் மறுபடியும் முதலிலிருந்து தேடினாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நிறுத்தச் சொல்லி இதுல ஒண்ணும் இல்லையே அண்ணே. சீட்டு இல்லாம சாப்பிட்டதுதான் தப்புன்னு இருக்கு. நான் சீட்டோடதானே சாப்பிடுறேன்?"

யாராவது ஒருத்தர் இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று கேட்கிற குரல். சிவநேசனுக்கு வாய் இல்லை. துணிக்குள்ளிருந்து கையை மெதுவாக வெளியே எடுத்து, எழுதுவது போல் விரலை அசைத்தார். அவள் பேனாவை அவர் விரல்களுக்கிடையில் செருகி, கடிதத்தின் பின்பக்கத்தை அடியில் வைத்துப் பிடித்தாள். கண் தெரியாமல், கோணல்மாணலாக, ஒரே ஒரு சொல் எழுதினார். நிறுத்து.

உஷாராணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் என்ன தேடுகிறாள் என்று அவருக்குத் தெரியும். பேனாவை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். கையை எடுத்தபோது விரலின் தோல் கையோடு வரவில்லை. தாளிலேயே ஒட்டிக்கொண்டது. சிவப்பாக, வட்டமாக, ரேகை முழுவதும் தெரிய.

அவள் வாழ்நாளில் பார்த்த சாப்புகளில் அவ்வளவு தெளிவாக எதுவும் விழுந்ததில்லை.

"போதும் அண்ணே. போதும், போதும்" என்று கதறிக்கொண்டே உஷாராணி கைப்பையைத் திறந்தாள். மாத்திரைப் பட்டையை எடுத்து, கட்டில் ஓரமிருந்த குப்பைத்தொட்டியில் வீசினாள். சிவநேசனின் உடம்பு ஆறு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக இறுக்கம் தளர்ந்தது.

குளுக்கோஸ் மாற்ற வந்த தாதி, பட்டையை வீசிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வளையல்கள் முழங்கைப் பக்கம் நகர்ந்திருந்தன.

"ஆன்டி, கையில என்னா அது, சிவப்பு சிவப்பா?"

உஷாராணி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, வளையல்களைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கொசு" என்றாள்.